விளக்கீடும் வாணமும் : பாலாற்றங்கரை வழக்குகளை முன்வைத்து ஒரு மறுஆய்வு

ஐப்பசியும் கார்த்திகையும் தமிழ்நாட்டில் ஒளிவிழாக்களுக்கு உரிய திங்கள்கள். ஐப்பசித் தேய்பிறையில் தீபாவளியும், கார்த்திகை முழுமதியில் விளக்கீடும் நிகழ்கின்றன. இவற்றின் தோற்றம் பற்றி அறிஞர் பலர் எழுதியுள்ளனர். அவர்கள் எழுதியவற்றுள் பெரும்பாலானவை மூன்று முடிபுகளுள் ஒன்றில் அடங்கும். தீபாவளி என்பது சங்க காலக் கார்த்திகை விளக்கீட்டின் வேற்றுருவே என்பது ஒன்று. அது சமணரிடமிருந்து பிற சமயத்தார் ஏற்றுக்கொண்ட விழா என்பது மற்றொன்று. அது விசயநகர ஆட்சியோடு வடக்கிலிருந்து வந்து புகுந்த அயல்விழா என்பது மூன்றாவது. இம்மூன்றும் ஒன்றை ஒன்று மறுப்பன. எனினும், இன்று ஆய்வேடு எழுதப் புகும் மாணவர் இவற்றை ஒரே பத்தியில் அடுத்தடுத்து எடுத்தெழுதி, எதனையும் ஆராயாது மேற்செல்லக் காண்கிறோம். ஆதலின் இவற்றைச் சான்றோடு நிறுத்து நோக்குதல் வேண்டுமென யாம் கருதினோம்.

இதற்குக் களமாக வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களைக் கொண்ட பாலாற்று வெளியை எடுத்துக்கொள்கிறோம். தோல் பதனிடும் தொழிலால் பெயர்பெற்ற நிலப்பகுதி இது. 1989 வரை ஒன்றாயிருந்த வட ஆர்க்காடு மாவட்டத்தின் நடுப்பகுதியும் இதுவே. அம்மாவட்டத்தின் எல்லைக்குள்ளேயே மலைமேல் தீபம் ஏற்றும் திருவண்ணாமலை இருந்தது. தமிழ்ச் சமணர் இன்றும் வாழும் ஆரணி, வந்தவாசிப் பகுதிகளும் அதனுள் அடங்கின. விசயநகர மரபினர் தங்கி ஆண்ட வேலூர்க் கோட்டையும், மாவலி மரபினர் எனத் தம்மைக் கூறிக்கொண்ட வாணர்தம் கல்வெட்டுகள் உள்ள திருவல்லமும், உருது பேசும் இசுலாமியப் பெருமக்கள் மிக்கு வாழும் ஆம்பூரும் வாணியம்பாடியும் இவ்வட்டாரத்தனவே. மூன்று கொள்கையினரும் காட்டும் சான்றுகள் ஒருங்கே கிடைக்கும் இடம் இதனின் வேறில்லை.

இவ்வாராய்ச்சி வெறும் காலக்கணக்கன்று என்பதையும் தொடக்கத்திலேயே கூறிவிடுதல் நன்று. ஒரு விழாவின் தோற்றம் கூறுவார், பல வேளைகளில் தம்மை அறியாமலே, அவ்விழாவுக்கு உரியார் இவர், அயலார் இவர் என வகுத்துவிடுகின்றனர். பல சமயத்தார் ஒரே தொழிற்கூடத்தில் பணிபுரிந்து, தீபாவளியை ஒட்டிக் கணக்கிடப்பெறும் போனசை ஒரே வரிசையில் நின்று பெறும் ஊர்களில், ஆய்வின் பெயரால் அத்தகைய வேலி எழுவதாயின், அது சான்றின் மேல் எழுந்ததா என்று கேட்டல் ஆய்வாளர் கடனாகும்.

1. சங்க நூல்கள் கூறும் விளக்கீடு

கார்த்திகை விளக்கீட்டின் தொன்மை ஐயத்திற்கு இடமற்றது. நக்கீரர் பாடிய அகநானூற்று 141-ஆம் பாடல் அதனை விரித்துரைக்கிறது. உழவுத்தொழில் ஓய்ந்து கலப்பைகள் உறங்குகின்றன. மழை நீங்கிய வானில், முயற்கறை விளங்க மதி நிறைந்து அறுமீனைச் சேர்கிறது. அவ்விரவில் தெருக்களில் விளக்கிட்டு, மாலை தொங்கவிட்டு, பழைய ஊரினர் பலரும் கூடி விழாச் செய்கின்றனர். பிரிந்து சென்ற தலைவன் அவ்விழாவைத் தம்மோடு கொண்டாட வரவேண்டும் எனத் தலைவி விரும்புகிறாள். பாலை பாடிய பெருங்கடுங்கோவின் நற்றிணை 202-ஆம் பாடல், காட்டில் பூத்த கோங்கமலர்களுக்கு அத்திங்களின் விளக்குவரிசையை உவமை ஆக்குகிறது. கார் நாற்பதும் களவழி நாற்பதும் கார்த்திகை விளக்கைக் குறிக்கின்றன. ஞானசம்பந்தர் தம் மயிலைப் பதிகத்தில் இதனைத் தொன்மை வாய்ந்த விழாவாகவே சுட்டுகிறார்.

இச்சான்றுகளிலிருந்து பெறப்படுவன மூன்று. முதலாவது, விழா முழுமதியில் நிகழ்ந்தது. இரண்டாவது, மழை நின்றபின் நிகழ்ந்தது. மூன்றாவது, விளக்கே அதன் உறுப்பு. நீராட்டோ, அசுரனை வென்ற கதையோ, ஒலியெழுப்பும் வெடியோ அதில் இல்லை. தீபாவளியோ மதியற்ற இருளில், வடகிழக்குப் பருவமழை பெய்யும் நாள்களில், எண்ணெய் நீராட்டை முதன்மையாகக் கொண்டு நிகழ்வது. நாளும் பருவமும் செயலும் ஒவ்வாத இரு விழாக்களை விளக்கு என்னும் ஒரு பொதுமையால் ஒன்றெனக் கூறுதல் எங்ஙனம் பொருந்தும்? விளக்கேற்றாத விழா யாண்டும் அரிது.

இனி, அகநானூறு 185-ஆம் பாடலையும் சிலர் எடுத்துக்காட்டுவர். மலையுச்சியில் இலையின்றிப் பூத்த இலவமரத்திற்குப் பெருவிழாவின் விளக்கை அப்பாடல் உவமிக்கிறது. அதனைத் திருவண்ணாமலைத் தீபமே எனத் துணிந்து கூறுவாரும் உளர். பாடல் எம்மலையையும் பெயர் சுட்டிக் கூறவில்லை. 2,668 அடி உயர்ந்த அம்மலையின் தீபம் கண்ட கண்ணுக்கு அவ்வுவமை அதனையே நினைவூட்டும் என்பது உண்மை. ஆயின் நினைவூட்டல் வேறு, சான்று வேறு. குன்றின்மேல் கார்த்திகை விளக்கிடும் வழக்கம் பண்டே இருந்தது என்பதற்குச் சீவக சிந்தாமணியின் உவமை தக்க ஆதரவாகும். அதற்குமேல் ஊர்ப்பெயர் கூறத் துணிதல் வரம்பு கடத்தலாகும்.

2. திங்கட் பெயரால் நேர்ந்த மயக்கம்

முதற் கொள்கையினர் வழுவியதற்கு ஒரு காரணம் உண்டு. வடமொழி நூல்கள் தீபாவளியைக் 'கார்த்திக' மாதத்து அமாவாசை என்று கூறுகின்றன. அப்பெயரைக் கண்டதும் அது நம் கார்த்திகைத் திங்களே என்று கொண்டுவிட்டனர். வடநாட்டில் மாதத்தை முழுமதியில் முடிக்கும் கணக்கும், தென்னாட்டில் அமாவாசையில் முடிக்கும் கணக்கும் உள்ளன. ஒரே அமாவாசை முன்னதில் கார்த்திகத்தையும், பின்னதில் ஆசுவினத்தையும் சாரும். தமிழர் கணக்கோ இவ்விரண்டினும் வேறாய், ஞாயிறு நிற்கும் ஓரையைப் பற்றியது.

இதனை ஐயமற விளக்குவது அல்பிரூனியின் குறிப்பு. ஏறத்தாழ 1030-இல் இந்திய நாட்டைப் பற்றி அரபு மொழியில் பெருநூல் எழுதிய அவ்வறிஞர், இவ்விழாவைக் கார்த்திக முதல் நாளாகிய அமாவாசையில் வைத்து, அந்நாளில் ஞாயிறு துலாத்தில் செல்கிறது என்றும் தெளிவாகக் கூறுகிறார். ஞாயிறு துலாத்தில் செல்லும் திங்கள் தமிழர்க்கு ஐப்பசியே அன்றிக் கார்த்திகை அன்று. பெயர் ஒன்றாயினும் பொருள் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

அவர் தரும் விழாச்செய்தியும் ஈண்டு நோக்கற்பாலது. அந்நாளில் மக்கள் நீராடி, நல்லாடை உடுத்து, வெற்றிலையும் பாக்கும் ஒருவர்க்கொருவர் வழங்கி, கோயிலுக்குச் சென்று கொடை புரிந்து, நண்பகல் வரை களித்திருந்து, இரவில் எங்கணும் விளக்கேற்றுவர் என்கிறார். விரோசனன் மகனாகிய பலியைத் திருமகள் ஆண்டுக்கு ஒருமுறை விடுவித்து உலகிற்கு வரச்செய்யும் நாள் அது என்று காரணமும் கூறுகிறார். நீராட்டு உண்டு, புத்தாடை உண்டு, விளக்கு உண்டு. வாணமும் வெடியும் இல்லை. நரகாசுரன் கதையும் இல்லை. இவ்விரு இன்மைகளையும் பின்னர்க் கருதுவோம்.

3. சமணர் விழா என்னும் கொள்கை

மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் 1954-இல் வெளியிட்ட 'சமணமும் தமிழும்' என்னும் நூலில், தீபாவளி மகாவீரர் வீடுபேறுற்ற நாளின் நினைவாகச் சமணர் கொண்டாடியது என்றும், பின்னர்ப் பிறர் அதனை ஏற்றுக்கொண்டனர் என்றும் எழுதினார். மறைக்கப்பட்ட ஒரு சமயத்தின் பங்களிப்பைத் தமிழுலகிற்கு எடுத்துக்காட்டிய அப்பெருமகனாரின் உழைப்பு போற்றத்தக்கது. அவர் கொள்கைக்கு ஆதரவும் இல்லாமல் இல்லை. மகாவீரர் மறைந்த இரவில், அறிவொளி அணைந்தமையின் புற ஒளியேனும் ஏற்றுவோம் எனக் காசி, கோசல நாட்டு அரசர் பதினெண்மர் விளக்கேற்றினர் எனக் கல்பசூத்திரம் கூறுகிறது. சக ஆண்டு 705, அதாவது கி.பி. 783-இல் முடிந்த சினசேனரின் அரிவம்ச புராணம் அவ்விளக்குவரிசையை விழாவாகவே குறிப்பிடுகிறது. ஆண்டு தெளிந்த பழஞ்சான்று என்னும் வகையில் இதன் மதிப்புப் பெரிது.

எனினும் சான்றின் பழமை வேறு, தோற்றத்தின் உரிமை வேறு. ஒரு விழா ஒரு சமய நூலில் முதற்கண் குறிக்கப்பெறுவதாலேயே அச்சமயத்தில் தோன்றியது ஆகாது. முன்னரே மக்களிடை வழங்கிய நாளுக்கு அந்நூல் தன் சமயக் காரணத்தைக் கற்பித்திருத்தலும் கூடும். அல்பிரூனி கேட்டது பலியின் கதை. தென்னாட்டார் கூறுவது நரகன் கதை. சமணர் கூறுவது மகாவீரர் வீடுபேறு. பாகவதத்தில் கண்ணன் நரகனைக் கொன்ற வரலாறு விரிவாக உண்டு. ஆயின் அதனை ஒட்டி விளக்கேற்றிய செய்தி அங்கு இல்லை. கதைகள் பலவாக நாள் ஒன்றாக இருத்தலை நோக்குமிடத்து, நாள் முந்தியது, கதைகள் பிந்தியவை என்று கொள்வதே இயல்பாகும்.

மேலும், தென்னாட்டுத் தீபாவளியின் உயிர்நிலை அமாவாசைக்கு முந்திய சதுர்த்தசியின் வைகறையில் செய்யும் எண்ணெய் நீராட்டு. சமணர் நினைவுநாளோ அமாவாசையைச் சார்ந்தது. ஆசிரியர் மறைந்த நாளை நினைவுகூர்வார்க்கு எண்ணெய் முழுக்கு எங்ஙனம் உரித்தாயிற்று என்பதனை அக்கொள்கை விளக்கவில்லை. வட ஆர்க்காட்டுத் தமிழ்ச் சமணர் அந்நாளை மகாவீரர் வழிபாட்டு நாளாகப் போற்றுவதும், அவர்தம் அண்டை வீட்டார் அதனை நரகசதுர்த்தசியாகக் கொண்டாடுவதும் கடன் வாங்கலைக் காட்டவில்லை. ஒரே நாளை இருவகையாகப் பொருள்கொள்ளுதலைக் காட்டுகின்றன. மறுதலையாக, கார்த்திகை விளக்கை உவமையாக எடுத்தாண்ட திருத்தக்கதேவர் சமணப் புலவர். அதனால் கார்த்திகை சமணர் விழா ஆகுமா? ஆகாது. தமிழ்நாட்டார் விழா தமிழ்ப் புலவர் பாட்டில் வந்தது என்பதே பொருள். அதே அளவுகோலைத் தீபாவளிக்கும் கொள்ளுதல் முறை.

4. மாவலியும் வாணரும்

பாலாற்றுப் பகுதியிலும் திருவண்ணாமலைப் பகுதியிலும் கார்த்திகை நாளன்று சிறுவர் செய்யும் விளையாட்டு ஒன்று உண்டு. ஆண்பனையின் பூந்தாளை மூட்டமிட்டுக் கரியாக்குவர். அக்கரியை இடித்துத் தூளாக்கித் துணியில் இறுகச் சுருட்டுவர். பனைமட்டைப் பிளவுகளுக்கிடையே அதனை வைத்துக் கட்டி, கயிற்றில் பிணித்து, நெருப்பூட்டித் தலைக்குமேல் சுழற்றுவர். காற்றுப் பட்டுக் கனன்று பொறிகள் வட்டமாகச் சிதறும். இதனை மாவலி என்றும் மாவளி என்றும் வழங்குவர். கோயில்களின் முன் பனைமரம் நட்டு எரிக்கும் சொக்கப்பனையும் அந்நாளதே.

இவ்விளையாட்டு ஆய்வாளர் கண்ணில் போதிய அளவு படவில்லை. கந்தகமும் வெடியுப்பும் சேராது, மரக்கரியும் காற்றும் மட்டுமே கொண்டு நிகழும் பொறிவிளையாட்டு இது. வெடிமருந்து அறியாத காலத்திலும் இது நிகழ்ந்திருக்கக்கூடும். அதற்கு வேண்டுவன பனையும் நெருப்புமே. இன்றைய மத்தாப்பிற்கு உள்நாட்டு முன்னோடி ஒன்றைத் தேடுவார் சங்கப்பாடலில் இல்லாத வெடியை வலிந்து காண்பதைவிட, இவ்வெளிய விளையாட்டை நோக்குதல் நன்று.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். மாவலி என்னும் பெயர் மகாபலியை நினைவூட்டுகிறது. அல்பிரூனி கேட்ட கதையும் பலியைப் பற்றியது. கன்னட, மராட்டிய நாடுகளில் தீபாவளிக்கு மறுநாள் பலிபாட்டியம் எனப்படுகிறது. இவற்றோடு, பாலாற்றுக்கு அருகே பொன்னையாற்றங்கரையில் உள்ள திருவல்லத்தில், மாவலியின் குலத்தோன்றல் எனத் தம்மைக் கூறிக்கொண்ட வாணகோவரையர் கல்வெட்டுகளும் உள்ளன. இவற்றை ஒருங்கு சேர்த்து, வாணர் நாட்டில் மாவலி விழா நிகழ்ந்தது, வாணரால் வாணம் என்னும் சொல்லும் பிறந்தது என ஒரு மாலை தொடுத்துவிடுதல் எளிது. யாமும் முதலில் அம்மாலையின் அழகில் மயங்கினோம். ஆயின் வாணர் கல்வெட்டுகள் கூறுவன கோயில் கொடைகளும் குலப்பெருமையுமே. கார்த்திகைப் பொறிச்சுற்றுக்கும் அவற்றிற்கும் இடையே ஒரு கண்ணியும் இல்லை. பெயரொப்புமையைக் கொண்டு வரலாறு கட்டுதல் மணலைக் கயிறாகத் திரிப்பதாகும். மாவளி என்னும் மற்றோர் உருவமும் வழங்குதலின், பெயரின் முதல் வடிவமே இன்னும் துணியப்படவில்லை. ஆதலின் அவ்வொப்புமையை வினாவாகவே விட்டுவைத்தல் தகும்.

5. வாணத்தின் வரலாறு

வெடிமருந்தின் பிறப்பிடம் சீனம் என்பது அறிஞர் யாவர்க்கும் உடன்பாடு. 1044-இல் தொகுக்கப்பெற்ற சீனப் போர்நூல் ஒன்று அதன் சேர்க்கைமுறையைத் தருகிறது. அரபு நாட்டார் வெடியுப்பைச் 'சீனத்துப் பனி' என அழைத்தனர். அங்கிருந்து மேற்காசிய வழியே அது நம் நாட்டிற்கு வந்தது. இந்தியாவில் வாணவேடிக்கையின் வரலாற்றைச் சான்றுகளோடு முதன்முதல் தொகுத்தவர் பூனாவிலிருந்த பரசுராம் கிருஷ்ண கோடே ஆவர். 1400 முதல் 1900 வரையுள்ள காலத்தைப் பற்றி அவர் எழுதிய ஆராய்ச்சியுரை 1953-இல் பெங்களூரில் வெளிவந்தது. தமிழில் இப்பொருள் பற்றி எழுதுவார் பலர் அதனைக் காணாதே எழுதுகின்றனர் என்பது வருந்தத்தக்கது.

தென்னாட்டு வாணவேடிக்கைக்கு முற்பட்ட சான்றுகள் விசயநகரத்திலிருந்து கிடைக்கின்றன. 1443-இல் பாரசீகத் தூதராக இரண்டாம் தேவராயர் அவைக்கு வந்த அப்துர் ரசாக், மகாநவமி விழாவில் நிகழ்ந்த பலவகை வாணங்களைக் குறிப்பிடுகிறார். ஏறத்தாழ 1520-இல் அந்நகரைக் கண்ட போர்ச்சுகீசியர் தொமிங்கோ பாயசு, அதே மகாநவமியில் வாணங்களும், எரிந்து வெடிகளை வீசும் கோட்டை உருவங்களும் விடப்பட்டதை விரித்துரைக்கிறார். ஒடியாவை ஆண்ட பிரதாபருத்திர கசபதியின் பெயரால் வழங்கும் கௌதுக சிந்தாமணி வாணங்கள் செய்யும் சேர்க்கைமுறைகளைக் கூறுகிறது. இவற்றிற்கு முன், ஏறத்தாழ 1420-இல் விசயநகரம் வந்த நிக்கோலோ தெ கோந்தி கோயில்களின் உள்ளும் கூரைமேலும் எண்ணெய் விளக்குகள் எண்ணிறந்தன ஏற்றும் விழா ஒன்றைக் கூறுகிறார்; அங்கு விளக்கே பேசப்படுகிறது.

இச்சான்றுகளில் ஆய்வாளர் கருதாது விட்ட ஒன்று உண்டு. வாணம் முதற்கண் புகுந்த இலையுதிர்காலப் பெருவிழா தீபாவளி அன்று, மகாநவமி. அது அரசனின் விழா. படையும் யானையும் அணிவகுக்கும் விழா. வெடிமருந்து அரசனின் படைக்கொட்டிலில் இருந்தமையின், அவ்விழாவிலேயே அது வேடிக்கையாகவும் வெளிப்பட்டது. இன்று தமிழகத்தில் நவராத்திரி கொலுவும் பாட்டுமாக அமைதியுற்று நிற்கிறது. வாணமோ தீபாவளிக்குக் குடிபெயர்ந்துவிட்டது. ஆகவே விசயநகரத்தார் தீபாவளியையும் வாணத்தையும் ஒருங்கே கொணர்ந்தனர் என்னும் மூன்றாங் கொள்கை அவர்தம் சான்றாலேயே தளர்கிறது.

வாணம் படைக்கருவியாகவும் இவ்வட்டாரத்தார் கண்டதே. 1780-இல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூர்ப் போரில் ஐதர் அலியின் படையினர் ஆங்கிலேயர்மேல் வாணங்களை ஏவினர். மைசூர் வாணம் என்பது மருந்து செறித்த இரும்புக் குழலை மூங்கிற்கழியோடு தோல்வாரால் இறுகப் பிணித்தது. திப்புவின் குடும்பத்தார் 1799-க்குப் பின் வேலூர்க் கோட்டையிலேயே சிறைவைக்கப்பெற்றனர் என்பதும், 1806 சூலை 10-இல் அங்குப் படைவீரர் கிளர்ந்தெழுந்தனர் என்பதும் யாவரும் அறிந்தவை. வேடிக்கையின் வரலாறும் போரின் வரலாறும் ஒரே கொல்லுலையில் பிறந்தவை என்பதனை இவ்வூர் வரலாறு மறவாது காட்டுகிறது.

6. சொற்கள் கூறும் சான்று

நூற்சான்று குறையுமிடத்துச் சொற்சான்று துணைபுரியும். வாணம் என்பது அம்பைக் குறிக்கும் பாணம் என்பதன் திரிபு. பாரசீக மொழியில் எழுதிய இந்திய வரலாற்றாசிரியர் ஏவுவாணத்தைப் 'பான்' என்றே குறித்தனர். ஆதலின் வாணவேடிக்கை என்பதே திருந்திய வடிவம். வானத்தில் நிகழ்தலின் வானவேடிக்கை எனப் பலரும், ஆய்வேடு எழுதுவோரும்கூட, எழுதுகின்றனர். அது பிழையான பொருத்தம்.

மத்தாப்பு என்பது நிலவொளியைக் குறிக்கும் மஃதாப் என்னும் பாரசீகச் சொல்லின் தமிழ் உருவம். கொளுத்துவார் அறியாவிடினும் அவர் கையில் சிந்துவது நிலவின் பெயரே. வெடி, வேட்டு, பொறி என்பன தமிழ்ச்சொற்கள். எல்லாவற்றினும் கருதத்தக்கது மருந்து என்னும் சொல். நோய் நீக்கும் பொருளின் பெயரை வெடிக்கும் பொருளுக்கு ஏன் இட்டனர்? சீனர் அதனை 'நெருப்பு மருந்து' என்றனர். அரபு நூல்களிலும் மருந்தெனும் பொருள்படும் சொல்லே வழங்கிற்று. இந்துத்தானியில் 'தாரு' என்பது மருந்துக்கும் வெடிமருந்துக்கும் பொது. தமிழ் வழக்கும் அதே தடத்தில் நடக்கிறது. சொல்லை வாங்காது பொருளை மட்டும் வாங்கித் தன் சொல்லால் பெயர்த்துக்கொண்டது தமிழ் என்பது யாம் கருதும் விளக்கம்.

எனவே, தீபாவளிக்கு முன்னாள் ஆம்பூர்க் கடைத்தெருவில் வாங்கப்படும் ஒரு பொட்டலத்துள் வடமொழி வாணமும், பாரசீக மத்தாப்பும், தமிழ் வெடியும், சீன மருந்தும் ஒருங்கே உறங்குகின்றன. இசுலாமியர் பராஅத் இரவில் வாணம் விடும் வழக்கத்தை, 1832-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த சாபர் செரீப்பின் 'கானூனே இசுலாம்' தென்னாட்டு வழக்கமாக விரித்துரைத்துள்ளது. மார்க்க அறிஞர் அதனை ஏற்காமையால் அவ்வழக்கம் பெரிதும் அருகியது. வாணம் ஒரு சமயத்தின் உடைமையாக எக்காலத்தும் இருந்ததில்லை என்பதற்கு இது போதும்.

7. விழாவும் வாணமும் ஒன்றிய வகை

அரசன் கொட்டிலிலிருந்து குடிமகன் முற்றத்திற்கு வாணம் வந்தது எவ்வாறு? திருமண ஊர்வலமும் கோயில் திருவுலாவும் இடைப்படிகள். ஆயின் ஒவ்வொரு வீட்டாரும் வைகறையில் வெடி கொளுத்துவதற்கு அது மலிவான சரக்காதல் வேண்டும். சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியது 1920-களில். அத்தொழிலின் தொடர்ச்சியாகப் பட்டாசுத் தொழில் அங்கு வளர்ந்தது. வெடியின்றித் தீபாவளி இல்லை என்னும் எண்ணம் ஊர்தோறும் வேரூன்றியது இத்தொழிலின் வளர்ச்சியோடுதான். தொன்றுதொட்டு வந்தது என நாம் கருதும் ஒலி, பெரும்பகுதி நம் பாட்டனார் காலத்தது.

நீராட்டு வைகறையில் நிகழ்தலின் தமிழ்நாட்டில் வெடியும் வைகறையதாயிற்று. வடநாட்டில் விளக்கு இரவில் ஏற்றப்படுதலின் வெடியும் இரவினதாயிற்று. வெடி விழாவைத் தோற்றுவிக்கவில்லை. முன்னிருந்த விழாவின் நேரத்தை அது பின்பற்றியது. 2018 அக்டோபர் 23-இல் உச்சநீதிமன்றம் தீபாவளி வெடிக்கு இரவில் இரண்டு மணிநேரமே ஒதுக்கியபோது, தமிழ்நாட்டில் விழா காலையது என அரசு முறையிட, நேரத்தை மாற்றிக்கொள்ள இசைவு கிடைத்தது; காலை ஒரு மணியும் இரவு ஒரு மணியுமாக அது பகுக்கப்பட்டது. ஆய்வாளர் நூல்களில் தேடிய வட்டார வேறுபாடு நீதிமன்றப் பதிவில் இடம்பெற்றது வியப்பன்று. வழக்கு என்னும் தமிழ்ச்சொல்லுக்கு இரு பொருளும் உண்டன்றோ? சுற்றுச்சூழலுக்குக் கேடு வருமுன் காக்கும் நெறியை நாட்டுச் சட்டத்தின் பகுதியென அம்மன்றம் ஏற்றதும், 1996-இல், பாலாற்றைத் தோற்கழிவிலிருந்து காக்க எழுந்த வேலூர் வழக்கிலேயே என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

8. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை.

கார்த்திகை விளக்கீடு சங்க காலம் தொட்டு வரும் தமிழர் விழா. அது தீபாவளியின் தாயும் அன்று, சேயும் அன்று. ஐப்பசி அமாவாசையை ஒட்டிய ஒளிவிழா இந்தியப் பரப்பில் பல சமயத்தார்க்கும் பொதுவாயிருந்து, அவரவர் கதையை அவரவர் பெறத் தந்தது. அது தமிழகத்தில் வலுப்பெற்ற காலம் விசயநகர, நாயக்கர் காலம் எனக் கொள்ளுதல் ஏற்புடைத்தே. ஞானசம்பந்தரின் மயிலைப் பதிகம் ஐப்பசிக்கு ஓணத்தைக் கூறித் தீபாவளியைக் கூறாமை இதற்கு இசைவானது. ஆயினும் அப்பதிகம் கோயில் விழாக்களின் நிரல். தீபாவளி இல்லத்து விழா. எனவே அம்மௌனத்தை மட்டும் கொண்டு முடிபு கட்டலாகாது. வாணம் இவ்விரண்டிற்கும் பிந்தியது. பதினைந்தாம் நூற்றாண்டில் மகாநவமியில் அரங்கேறி, இருபதாம் நூற்றாண்டில் தீபாவளியில் குடிகொண்டது.

ஆகவே விளக்கு, நீராட்டு, வாணம் ஆகிய மூன்றும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு வழியே வந்து ஒரு முற்றத்தில் கூடியவை. மூன்று கொள்கையினரும் செய்த பிழை ஒன்றே. ஓர் உறுப்பின் காலத்தை முழு விழாவின் காலமாகவும், ஓர் உறுப்பைக் கொணர்ந்தாரை முழு விழாவின் உரிமையாளராகவும் கொண்டனர். விளக்கை நோக்கியவர் சங்க காலம் என்றார். மகாவீரர் கதையை நோக்கியவர் சமணம் என்றார். ஆட்சியை நோக்கியவர் அயல் என்றார். உறுப்புகளைத் தனித்தனியே காலம் கண்டு, பின்னரே ஒருங்கு நோக்குதல் விழா ஆராய்ச்சிக்கு உரிய நெறி என யாம் கருதுகிறோம்.

செய்ய வேண்டிய பணிகளும் உள. மாவலிச் சுற்று எவ்வெவ்வூர்களில் எப்பெயரால் வழங்குகிறது என்பது ஊர்தோறும் தொகுக்கப்படல் வேண்டும். பனை அருகிவருதலின் அவ்விளையாட்டும் அருகுகிறது. விரிஞ்சிபுரத்துக் கார்த்திகைக் கடைஞாயிறு போன்ற வட்டார விழாக்கள் விளக்கீட்டோடு கொண்ட உறவு ஆராயப்படல் வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி உருதுப் பேச்சில் வாணவகைகளின் பெயர்கள் முதியோர் வாயிலிருந்து எழுதிக்கொள்ளப்படல் வேண்டும். ஆய்வேட்டிற்குப் பொருள் தேடும் முதுகலை மாணவர் ஒருவர், வரும் கார்த்திகையில், கையில் ஏட்டோடு இப்பாலாற்றங்கரைக்கு வருவாராயின், நூலகத்தில் கிடையாத விடைகள் சில அவர்க்கு இங்குக் கிடைக்கும்.